இஷ்பெல் வாங்கிய பட்டாளத்துத் துப்பாக்கி

ஸெடன்,
2 மார்ச் 1958

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி மேவிஸின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழைதான் வரமாட்டேன் என்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். சிரிக்காதே. போன வசந்தத்தில் காட்டுப்பன்றிகள் நாற்பத்தொரு ஆட்டுக்குட்டிகளைத் தின்றுவிட்டன. பிறந்து ஈரம்கூடக் காயாத குட்டிகள். முன்பெல்லாம் கீழ்ப் பண்ணை வில்ஃப் தன் நாய்களோடு வந்து பன்றிகளை அடித்துக் கொடுப்பார். ஆர்ச்சி இறந்து நான் விதவையான பிறகும் மூன்று வருஷம் வந்தார். இப்போது அவர் மகனோடு நெல்சனுக்குக் குடிபோய்விட்டார். கூலிக்கு வேட்டைக்காரனைக் கூப்பிட்டால், அவன் வந்து சேருவதற்குள் பன்றி தின்றதை ஜீரணமும் பண்ணிவிடுகிறது.

பட்டாளம் கழித்துப்போட்ட 303 துப்பாக்கிகள் உன் கடைக்கு வருவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். போரில் ஐந்து வருஷம் அதைத்தானே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய்? நல்லதாக ஒன்று பொறுக்கி அனுப்பு. போலீஸ் அனுமதிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை எழுதிக் கொடுத்த கான்ஸ்டபிள், "ஏம்மா, இது பன்னிக்கா, இல்ல அடுத்த மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டான். "முதல்ல பன்னி. தோட்டா மிச்சமிருந்தா போலீஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐம்பத்து மூன்று வயதில் முதல் துப்பாக்கி. அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். சரி, அது கிடக்கட்டும். ஆகஸ்ட் கடைசியில், குளிர் முடியும்போது, ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிடும். அதற்குள் நான் பழகியாக வேண்டும்.

மேவிஸுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
இஷ்பெல்


கிறைஸ்ட்சர்ச்,
16 மார்ச் 1958

அன்புள்ள அக்கா,

இருமல் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேவிஸ் நடக்கிறாள். நீ துப்பாக்கி கேட்டதைச் சொன்னதும் இரண்டு நாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கு வந்த பெட்டிகளில் முப்பது துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் குழலுக்குள்ளும் விளக்கைப் பிடித்துப் பார்த்து, மூன்றைத் தனியே எடுத்து வைத்தேன். சனிக்கிழமை அவற்றைக் குறிமேட்டுக்கு எடுத்துப் போய்ச் சுட்டேன். நான் உனக்கு அனுப்புவது நூறு கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் போட்டது. துப்பாக்கியின் மரக்கட்டையில் நிறையத் தழும்பு இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதே, குழல் தங்கம்.

சுட்டுப் பார்த்த பிறகு கடைவிதிப்படி மறுபடியும் கிரீஸ் பூசி, தார்க் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடை. அவசரப்பட்டு வேறு எதுவும் செய்யாதே. இந்தப் பட்டாளத் தோட்டாவின் மருந்து உப்புப் போல இரும்பை அரிக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் குழலுக்குள் ஒரு கெட்டில் கொதிநீர் ஊற்றி, காயவைத்து, எண்ணெய் போடு. ஒருநாள் மறந்தாலும் துரு பிடித்துவிடும்.

தோளில் கெட்டியாக அணைத்துப் பிடி. இடைவெளி விட்டால் கழுதை மாதிரி உதைக்கும்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறது.

அன்புடன்,
லாக்லன்


ஸெடன்,
30 மார்ச் 1958

தம்பிக்கு,

நீயும் மேவிஸும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது.

கிரீஸ் என்று நீ எழுதியபோது வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பன்றியையே உருக்கி ஊற்றிய மாதிரி அல்லவா இருந்தது! மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரும்புப் பாகங்களைக் கழற்றி, துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கிரீஸ் போய்விட்டது. ஆனால் அடுத்து அதே கொப்பரையில் வெளுத்த படுக்கை விரிப்புகளும் போய்விட்டன. இனி அவை கம்பளிக் கொட்டகைக்குத்தான் ஆகும்.

ஓடைக்கரை மண்மேட்டில் பழுப்புக் காகிதம் ஒன்றைக் குத்தி, பூட்ஸ் பாலிஷால் கறுப்பு வட்டம் போட்டு, ஐம்பது கஜத்திலிருந்து ஐந்து குண்டு சுட்டேன். அந்தக் காகிதத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். நீயே பார். ஐந்தும் இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கின்றன. தேநீர்த் தட்டு என்று எழுதினாய். இங்கே தட்டும் இல்லை, கோப்பையும் இல்லை.

ரயிலில் யாராவது அதைத் தூக்கிப் போட்டிருப்பார்களா? அல்லது நீ சுட்டது வேறு துப்பாக்கியா? மூன்றில் எதையோ மாற்றிக் கட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். நம்பரைச் சரி பார்.

அக்கா


கிறைஸ்ட்சர்ச்,
9 ஏப்ரல் 1958

அன்புள்ள அக்கா,

விரிப்புகளுக்கு என் அனுதாபம். மேவிஸ் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறாள்.

நம்பரைச் சரி பார்த்துவிட்டேன். நான் சுட்ட அதே துப்பாக்கிதான். ஆனால் கவலைப்படாதே, உன் காகிதம் நல்ல காகிதம். ஐந்து குண்டும் ஓரளவு ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. அப்படியென்றால் பிடிப்பில் குறையில்லை, குறிதான் நகர்ந்திருக்கிறது. நீ எல்லாவற்றையும் கழற்றிக் கொப்பரையில் போட்டபோது நகர்ந்திருக்கும்.

குழலின் நுனியில் ஒரு சின்ன இரும்புத் தகடு நிற்கிறது பார், அதுதான் முன்குறி. குண்டு இடப்பக்கம் போனால் அதையும் இடப்பக்கமே தட்ட வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், நீ செய்யாதே. பித்தளைக் கம்பியை வைத்து மெதுவாக ஒரே ஒரு தட்டு. பிறகு சுட்டுப் பார். சுடும்போது வட்டத்தைப் பார்க்காதே. முன்குறியைப் பார். வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

அடுத்த காகிதத்தையும் அனுப்பு. காகிதத்தைப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவேன்.

லாக்லன்


ஸெடன்,
27 ஏப்ரல் 1958

லாக்லனுக்கு,

எல்லோரும் நலமா? இங்கே எல்லாம் கோணல்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் முன்குறியை வலப்பக்கம் தட்டிவிட்டேன். ஆமாம், தலைகீழாகத்தான். குண்டு இன்னும் அரை முழம் தள்ளிப் போயிற்று. கடிதம் வந்த பிறகு இடப்பக்கம் தட்டினேன். தட்டித் தட்டி மூன்று நாளில் நாற்பது தோட்டா காலி. நாற்பது தோட்டாவுக்கு எத்தனை கெட்டில் கொதிநீர் என்று மேவிஸிடம் கேட்டுப் பார். தேநீருக்குப் போட்ட தண்ணீரையெல்லாம் அந்தக் குழல்தான் குடிக்கிறது.

இத்தனைக்குப் பிறகு கிடைத்த காகிதத்தை அனுப்பியிருக்கிறேன். ஒரு குண்டு மேலே, ஒன்று கீழே, ஒன்று வலம், இரண்டு இடம். வட்டத்தைச் சுற்றி ஊர்வலம் போயிருக்கின்றன, உள்ளே மட்டும் ஒன்றுகூட நுழையவில்லை. இதற்கு முன்பு இடப்பக்கமாவது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. முன்குறியைப் பார் என்று எழுதினாய். பார்த்தால் அது ஆடுகிறது. தகடு தளர்ந்திருக்கிறது, வேறென்ன? கட்டையும் குழலும் சரியாகப் பொருந்தவில்லை என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இந்த வருஷம் நான் தொட்டதெல்லாம் இப்படித்தான். புதுக் கம்பிவேலி போட வந்தவன் கம்பங்களை நட்டுவிட்டுப் போயிருக்கிறான். வரிசை நடுவில் பாம்பு மாதிரி நெளிகிறது. கூப்பிட்டுக் கேட்டால், "நூல் புடிச்சு நட்டதும்மா, வேணும்னா நீங்களே புடிச்சுப் பாருங்க" என்கிறான். நன்றாகத் திட்டி அனுப்பினேன்.

ஜூனில் ராணி பிறந்தநாளுக்கு மூன்று நாள் விடுமுறை வருகிறதே, வந்துவிட்டுப் போயேன். இந்தச் சனியனை உன் கையால் ஒருமுறை சுட்டுப் பார். நான் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆட்டுக்கறி வறுத்து, பூசணி சுட்டு வைக்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்கா


ஸெடன்,
8 ஜூன் 1958

லாக்லனுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று என் பிறந்தநாளுக்கு மேவிஸ் அனுப்பிய அட்டையிலிருந்து தெரிந்துகொண்டேன். அதில் உன் கையெழுத்து இருந்தது. கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விடுமுறைக்கும் வரவில்லை. வருவாய் என்று நினைத்து ஒரு கிடாயை அறுத்துத் தொங்கவிட்டிருந்தேன். மூன்று நாளும் நான் ஒருத்தியே தின்றேன். வரமுடியாது என்று ஒரு தந்தி அடிக்க உனக்கு என்ன கேடு?

துப்பாக்கியைக் கொட்டகை மேசையின் இடுக்கியில் கட்டி, தகட்டை இறுக்கிப் பார்த்தாயிற்று. முன்குறியின் அடியில் காகிதம் மடித்துச் செருகிப் பார்த்தாயிற்று. தோட்டாவை மாற்றிப் பார்த்தாயிற்று. அது தன் இஷ்டத்துக்குத்தான் சுடுகிறது. நேற்று ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பன்றி ஆறு குட்டிகளோடு நின்றது. நாற்பது கஜம்கூட இருக்காது. ஆற அமரக் குறி வைத்துச் சுட்டேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கிளற ஆரம்பித்தது, லாக்லன். ஓடக்கூட இல்லை. பன்றிக்குக்கூட நான் ஒரு பொருட்டில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இதை ரயிலில் திருப்பி அனுப்புகிறேன். முப்பதில் ஒன்றைப் பொறுக்கினாயாம், அதுவும் இப்படி. அடுத்தவனுக்காவது நல்லதாகப் பார்த்துக் கொடு.

இஷ்பெல்


கிறைஸ்ட்சர்ச்,
14 ஜூன் 1958

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடு. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. பிறகு இருமல் முற்றி ஒரு வாரம் படுத்துவிட்டேன்.

துப்பாக்கியைத் திருப்பி அனுப்பாதே. புது முன்குறித் தகடு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். போட்டுப் பார்.

சுடும்போது எந்தக் கண்ணை மூடுகிறாய் என்று எழுது. ராத்திரியில் படிக்கிறாயா? விளக்கு போதுமானதாக இருக்கிறதா?

குளிர் ஜாஸ்தி. உடம்பைப் பார்த்துக்கொள்.

லாக்லன்


ஸெடன்,
29 ஜூன் 1958

லாக்லனுக்கு,

மேவிஸுக்கு என் அன்பு. இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் குடி.

எந்தக் கண்ணை மூடுகிறேன் என்று கேட்கிறாய். எல்லோரும் மூடுகிற கண்ணைத்தான். விளக்கு போதுமா என்று கேட்கிறாய். போதும். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் நீ விளக்கைப் பற்றி எழுதுகிறாய்.

உன் தகட்டைப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணை டோரீன் முட்டை வாங்க வந்தாள். நான் ஓடைக்கரையில் இருந்ததைப் பார்த்து அங்கேயே வந்துவிட்டாள். அவள் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. "நானும் ஒண்ணு சுட்டுப் பாக்கட்டா?" என்றாள். "இது சரியான கோணல் துப்பாக்கி, பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஜாம் டப்பா மூடி ஒன்றை மேட்டில் குத்தினாள். மூன்று குண்டு சுட்டாள். பிறகு மூடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மூன்று ஓட்டை.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே, இஷ்பெல்" என்றாள்.

ஒரு டஜன் முட்டை கேட்டவளுக்கு எத்தனை எண்ணிக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு துப்பாக்கியை எடுக்கவில்லை. ஒரே மழை.

அக்கா


கிறைஸ்ட்சர்ச்,
4 ஜூலை 1958

அன்புள்ள அக்கா,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்கு ஏப்ரலிலேயே தெரியும்.

உன் இரண்டாவது காகிதத்தைக் கடையில் மேசைமேல் விரித்துப் பார்த்தேன். தகடு தளர்ந்திருந்தால் குண்டு ஒரு பக்கமாகத்தான் சிதறும். கட்டை பொருந்தாவிட்டால் மேலும் கீழுமாகப் போகும். சுற்றிலும் வட்டமாக விழுந்து நடுவை மட்டும் விட்டுவைக்கிற துப்பாக்கி உலகத்தில் கிடையாது. ஐந்து வருஷம் ஆயிரக்கணக்கில் பழுது பார்த்தவன் சொல்கிறேன்.

அதே மாதிரி ஒன்றை வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்பா கடைசியாக வேலி போட்ட வருஷம், நான் பக்கத்தில் ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கம்பத்திலும் ஆணியைச் சுற்றி வட்டமாகச் சுத்தியல் தழும்பு. ஆணித்தலைமேல் ஒரு அடிகூட இல்லை. "மரம் ரொம்பக் கெட்டிடா" என்றார். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு முறை உனக்கு எழுதிக் கிழித்துப் போட்டேன். எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. விடுமுறைக்கு வராததும் அதனால்தான். கணக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை.

தயவுசெய்து பிளெனம் போய்க் கண் டாக்டரைப் பார். மாதம் ஒருமுறை அங்கே வருகிறாராம். டோரீனைக் கூட்டிக்கொண்டு போ. வண்டியை அவள் ஓட்டட்டும். ஆகஸ்டில் நான் வருகிறேன். இந்த முறை நிச்சயம்.

லாக்லன்


ஸெடன்,
22 ஜூலை 1958

லாக்லனுக்கு,

டாக்டரைப் பார்த்தாயிற்று. நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். திரும்பும்போது டோரீன் ஓட்டினாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டதால் ஒன்றும் தெரியவில்லை. மற்றபடி நானே ஓட்டியிருப்பேன்.

சுவரில் மாட்டிய ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, "கோடெல்லாம் நேரா இருக்காம்மா?" என்று கேட்டார். வலது கண்ணால் பார்த்தபோது, "நடுவுல யாரோ கசக்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்றேன். அந்தக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம், இனி வராதாம். இடது கண்ணிலும் ஒரு புள்ளி ஆரம்பித்திருக்கிறது. அது பத்து வருஷம் அப்படியே கிடந்தாலும் கிடக்கும், இரண்டு வருஷத்தில் பரவினாலும் பரவும், சொல்வதற்கில்லை என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். பிப்ரவரியிலிருந்து என்று சொன்னேன்.

ஆமாம், பிப்ரவரியிலிருந்து. துப்பாக்கி கேட்டு எழுதுவதற்கு முன்பே. பாலத்துக் கைப்பிடியில் வண்டியை உரசி ஒரு கதவு போயிற்று. அதை உனக்கு எழுதவில்லை. தெரிந்துகொண்டே ஏன் துப்பாக்கி வாங்கினாய் என்று கேட்பாய். பன்றிக்காக, அது பொய்யில்லை. ஆனால் குறி பார்த்துச் சுட முடிந்துவிட்டால் கண்ணில் ஒன்றுமில்லை என்று நானே என்னை நம்பவைத்துவிடலாம் என்றும் இருந்தது. சுட முடியவில்லை. அப்புறம் துப்பாக்கிதான் கெட்டதாக இருக்க வேண்டியிருந்தது.

அந்த வேலிக்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது. அவன், "பரவால்லம்மா, எங்க மாமியாரும் இப்படித்தான்" என்றான்.

ஆனால் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் என்னிடமே பொய் சொல்லிக்கொண்டேன், அது என் பாடு. நீ காகிதத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாய். அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் ஒரு தகட்டை இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டிருந்தேன். நீ தெரிந்துகொண்டே இன்னொரு தகட்டை அனுப்பினாய்.

வருவதானால் வா. பரிதாபப்படுவதற்கு வராதே. அதற்கு இங்கே டோரீன் இருக்கிறாள்.

இஷ்பெல்


கிறைஸ்ட்சர்ச்,
17 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ஆட்டுத்தொடையை மேவிஸ் நாளைக்குச் சமைக்கிறாள். இடது தோள் எப்படி இருக்கிறது? வலது தோள் மாதிரியே அதுவும் சில நாள் கத்தரிக்காய் நிறத்தில்தான் இருக்கும். பிறகு பழகிவிடும்.

நான் பொருத்திக் கொடுத்த துளைக்குறியைக் கழற்றாதே. அந்தச் சின்னத் துளை வழியாகப் பார்த்தால் உன் இடது கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும். அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்ட் வலப்பக்கம் இருப்பதால் இடக்கையால் சுடுகிறவர்களுக்கு எட்டி இழுப்பது சிரமம்தான். அவசரப்படாதே. ஐந்தில் நான்கு குண்டு தட்டுக்குள் விழுந்ததே, அது போதும். அந்த ஐந்தாவதற்கு நீ சொன்ன வார்த்தையை மேவிஸிடம் நான் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ரயில் வந்ததில் எனக்கு நிம்மதி. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பார்வை முழுக்கப் போன அந்த வாரம் நான் கிளம்பிப் போனேன். ரயில்வேயில் வேலை கிடைத்தது என்று சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. போன பிறகு நாலு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. வீட்டிலிருந்து கொட்டகைக்கு அவர் பிடித்துக்கொண்டு நடக்க நீ கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் அவரை நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டாய். எனக்கு அப்போது பத்தொன்பது வயது என்று முப்பது வருஷமாக எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் காகிதத்தைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது. மறுபடியும் ஓடத்தான் தோன்றிற்று. ஆறு வாரம் ஓடினேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

லாக்லன்


ஸெடன்,
14 செப்டம்பர் 1958

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

உன் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இருந்தபோது நீ தேன் குடித்ததாகச் சொன்னது பொய். பாட்டில் அப்படியே இருக்கிறது.

குட்டி போடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை பதினொரு குட்டிகள் பன்றிக்குப் போய்விட்டன. முன்பைவிடக் குறைவு. என்றாலும் பதினொன்று பதினொன்றுதான். போன வியாழக்கிழமை காலை பனி விலகும் நேரத்தில் கிழக்கு மேட்டில் அந்தப் பெரிய ஆண்பன்றி நின்றது. மண்ணில் படுத்து, இடது தோளில் அணைத்து, நீ சொன்னபடி மூச்சைப் பாதி விட்டுச் சுட்டேன். முதல் குண்டு ஆடுகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. இடக்கையைத் துப்பாக்கிக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பாழாய்ப்போன போல்ட்டை இழுப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பன்றி சத்தம் வந்த திசை தெரியாமல் அங்கேயே நின்றது. இரண்டாவது குண்டில் விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்தது, அவ்வளவுதான். தொட்டியை அடைக்க அரை நாள் ஆயிற்று.

கயிற்றைப் பற்றி எழுதியிருந்தாய். நீ எழுதிவிட்டதால் நானும் எழுதிவிடுகிறேன். இதை ஆர்ச்சியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வருஷம் வெலிங்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டி கட்டி, படுக்கையின் அடியில் வைத்திருந்தேன். அப்பாவை நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீதானே ஆண்பிள்ளை, பண்ணையும் உனக்குத்தானே வரும்? உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடத்தான் திட்டம். நீ செவ்வாய்க்கிழமை போனாய். நான் புதன்கிழமை வெலிங்டன் கப்பலுக்குச் சீட்டு எடுத்திருந்தேன்.

நான் திரும்பிப் பார்க்காததற்கு அதுதான் காரணம். அப்பாவை விட்டுவிட்டுப் போனதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஒரு நாள் முந்திக்கொண்டதற்காகத்தான்.

கோபம் இப்போது போய்விட்டதா என்று கேட்டு எழுதாதே. எனக்குத் தெரியவில்லை. புழு வைக்காமலிருக்க வாலறுக்க வேண்டிய ஆட்டுக்குட்டிகள் அறுநூறு இருக்கின்றன, யோசிக்க நேரமில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீயும் மேவிஸும் வாருங்கள். ஸ்டேஷனுக்கு டோரீன் வண்டி எடுத்து வருவாள். அவளுக்கு கியர் மாற்ற வராது, வழி முழுக்க வண்டி கத்திக்கொண்டே வரும். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து வாருங்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
இஷ்பெல்